மலைநாட்டுக் குளிரில் பேனல் பொண்ட் பிடிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

பசையைக் குறை சொல்வதற்கு முன்னால் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை சில்லிட்டால் பிழையில் பாதி அங்கேதான் இருக்கிறது. வாகனத் தகடுகளை ஒட்டும் பேனல் பொண்ட் பசையின் காட்ரிட்ஜில் அச்சடித்திருக்கும் நேரங்கள் எல்லாம் 21 முதல் 23 பாகை செல்சியஸ் வரையான சூட்டுக்குக் கணக்கிட்டவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரியே சுமார் 16 பாகைதான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். கொழும்பு கராஜில் நாலு மணி நேரத்தில் முடிகிற வேலை ஹட்டனிலோ தலவாக்கலையிலோ மறுநாள் மத்தியானம் வரை இழுப்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டு பாகம் கலந்து இறுகும் எபொக்சி வகைப் பேனல் பொண்டைப் பற்றியது. முன் கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் வேறு சாமான், அது ரப்பர் மாதிரி இளகிக் கொடுக்கும், தகட்டுக்குத் தகடு பாரம் தாங்காது. ஹார்ட்வெயார் கடையில் இரண்டு சின்ன டியூபாக விற்கும் ஐந்து நிமிட எபொக்சியும் இதற்கு ஆகாது. அது கண்ணாடி போல இறுகி, ஈரத்திலும் அதிர்விலும் விட்டுவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லியாக வேண்டும். கூரைத் தகடு, கதவின் வெளித்தகடு, பின் பக்கவாட்டுத் தகடு, லொறித் தொட்டியின் பக்கத் தகடு ஆகியவற்றுக்குத்தான் இந்தப் பசை. கதவுத் தூண், சேசி, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் பூட்டும் இடம் ஆகியவற்றை வாகனக் கம்பனியின் பழுதுபார்க்கும் கையேடு சொல்லும் முறையில் மட்டுமே செய்ய வேண்டும். பசையை மட்டும் நம்பி அந்த இடங்களில் கை வைக்கக் கூடாது. ஆட்களின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மறுநாள் காலையிலும் பசை இறுகவில்லை

பசை மென்மையாக இருப்பதில் மூன்று விதம் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஹீட் கன்னைத் தூக்குவதுதான் நாம் அதிகம் காணும் தவறு.

பிதுங்கி வெளியே வந்திருக்கும் பசையை நகத்தால் அழுத்துங்கள். நீளம் முழுவதும் ஒரே மாதிரி, பழைய மெழுகு போல நகம் பதிந்தால் அது குளிர். கலவை சரி, நேரந்தான் போதவில்லை. சூடு 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 23 பாகையில் நாலு மணி நேரம் கிளாம்ப் போட வேண்டிய பசைக்கு 13 பாகையில் எட்டு மணி நேரம் வேண்டும். 10 பாகைக்குக் கீழே போனால் பல எபொக்சிகள் இறுகுவதையே நிறுத்திவிடும், எத்தனை மணி நேரம் விட்டாலும் பயனில்லை. கிளாம்ப்பைக் கழற்றாதீர்கள். சூடு கொடுத்தால் பெரும்பாலும் மீளும்.

ஒரு இடத்தில் கல்லாகவும் ஒரு சாண் தள்ளிக் களியாகவும் இருந்தால் கலவையில் பிழை. அதற்குச் சூடு மருந்தாகாது. இறுக வைக்கும் பாகமான ஹார்ட்னர் போய்ச் சேராத பசை எந்தச் சூட்டிலும் இறுகாது. கழற்றி, சுரண்டி, மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

உள்ளே இறுகி, மேற்பரப்பில் மட்டும் மெழுகுப் பிசுபிசுப்பு இருந்தால், ஹார்ட்னரிலுள்ள அமைன் என்ற இரசாயனம் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து படலமாகப் படிந்திருக்கிறது. பனிமூட்டம் இறங்கும் நாளில் இது சாதாரணம். மூட்டின் உள்ளே கேடில்லை. ஆனால் அதன்மேல் அப்படியே பட்டியோ பிரைமரோ போட்டால் உரிந்து வரும். சாண்ட் பேப்பரை முதலில் எடுத்தால் அந்த மெழுகைத் தேய்த்துப் பரப்பிவிடுவீர்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்கொட்ச் பிரைட்டும் கொண்டு கழுவி, துடைத்து, காயவிட்டு, அதன் பிறகு தேயுங்கள். தின்னரால் இது ஒழுங்காகப் போகாது.

சூடு கொடுக்கும் முறை

ஹெலஜன் லாம்ப்பை இரண்டடி தள்ளி வைத்து, தகட்டை முதலில் 40 பாகைக்குக் கொண்டு வாருங்கள். எடுத்தவுடன் அதிகச் சூடு காட்டினால் பசை இளகி மூட்டிலிருந்து வழிந்துவிடும். அரை மணி நேரம் கழித்து 60 முதல் 65 பாகை வரை ஏற்றி இன்னொரு அரை மணி நேரம் வையுங்கள். பசைக் கம்பனி தரும் விபரத் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. தகடு முழுவதும் ஆறிய பிறகே கிளாம்ப் கழற்ற வேண்டும்.

லேசர் தேர்மோமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க. கிரைண்ட் பண்ணிப் பளபளக்கும் தகட்டில் நேராகப் பிடித்தால் அது உண்மையான சூட்டைக் காட்டாது, மிகக் குறைத்துக் காட்டும். மாஸ்கிங் டேப் ஒரு துண்டை ஒட்டி, அதன்மேல் பிடித்து அளந்து பாருங்கள். இந்த ஒரு துண்டு டேப் போடாததால் 65 என்று நினைத்துத் தகட்டை 120 வரை கருக்குவது நடக்கிறது.

சூட்டுக்காக மண்ணெண்ணெய் அடுப்பையோ கேஸ் பேர்னரையோ மூடிய கராஜுக்குள் கொளுத்தாதீர்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேர்கிறது. ஒரு கிலோ கேஸுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அந்த ஆவி போய்க் குளிர்ந்த தகட்டில்தான் படியும். கரி அடுப்பில் தண்ணீர் குறைவு என்றாலும் மூடிய இடத்தில் அதன் புகை ஆளைக் கொல்லும்.

பேனல் கழன்று வந்துவிட்டது

கழன்ற பேனலை உடனே துடைத்து மீண்டும் ஒட்ட அவசரப்படாதீர்கள். பிரிந்த இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என்ன நடந்தது என்பது அங்கே எழுதியிருக்கும். துடைத்துவிட்டால் சாட்சி போய்விடும்.

பசை முழுவதும் ஒரு பக்கத்தோடு போய், மறுபக்கம் வெறுந்தகடாகத் தெரிந்தால், பசை அந்தத் தகட்டை ஒருநாளும் பிடிக்கவில்லை. அந்த வெறுந்தகட்டை இன்னும் கிட்டப் பாருங்கள். லேசான மஞ்சள் கலந்த காவி நிறம் இருந்தால், கிரைண்ட் பண்ணிய பின் பசை போடுவதற்குள் துரு பூத்திருக்கிறது. புள்ளி புள்ளியாக, மழைத்துளி காய்ந்த தடம் போல இருந்தால் பனி படிந்த தகட்டில் ஒட்டியிருக்கிறீர்கள். ஒன்றுமே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் எண்ணெய் அல்லது சிலிக்கோன் பொலிஷ்.

பசையின் முதுகில் பெயின்ட் அல்லது பழைய பிரைமர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பெயின்ட்டின் பிடிதான் உங்கள் மூட்டின் பலமாக இருந்திருக்கிறது.

பசையின் முகம் வார்த்தது போலப் பளபளவென்று, தோல் கட்டி இருந்தால் எதிர்த் தகடு அதைத் தொடவே இல்லை. ஒன்று இடைவெளி அதிகம். இல்லாவிட்டால் பசை தோல் கட்டிய பிறகு பேனலை வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு முகத்திலும் பசை கரடுமுரடாகக் கிழிந்திருந்தால் சுத்தம் செய்ததில் குறையில்லை. பசையே நடுவில் கிழிந்திருக்கிறது. அதற்குக் காரணம் பசை முழுவதும் இறுகாமை அல்லது பாரம் வந்த திசை. திசையைப் பற்றி அடுத்த பகுதியில் பாருங்கள்.

துருவும் பனியும்தான் மலைநாட்டில் முதல் எதிரி என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். கராஜுக்குள் காற்று 16 பாகை, ஈரப்பதன் 90 வீதம் என்று வையுங்கள். 14.4 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தத் தகட்டிலும் தண்ணீர் படியும். இரவு முழுவதும் வெளியே 10 பாகையில் நின்ற வேனைக் காலையில் உள்ளே எடுத்தால் அதன் தகடு ஈரம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இருப்பதால் காய்ந்தது போலத் தோன்றும். தகடு, பனி படியும் அளவைவிட 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும், இந்தக் கணக்கில் 17.5க்கு மேல். முந்திய நாளே வாகனத்தை உள்ளே எடுத்து நிறுத்துங்கள். பேனலையும் பசையையும் அதே அறையில் வையுங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன் ஹெயார் டிரையராலோ ஹீட் கன்னாலோ இரண்டு பக்க விளிம்பையும் கை வெதுவெதுப்பாக உணரும் வரை ஓட்டுங்கள்.

சுத்தம் செய்யும் வரிசை மாறக் கூடாது. முதலில் எண்ணெய் போகத் துடைப்பது, பிறகு கிரைண்ட் பண்ணுவது. மாற்றிச் செய்தால் எண்ணெயைக் கீறலுக்குள் தேய்த்து இறக்குவீர்கள். விளிம்பில் 25 முதல் 30 மில்லிமீற்றர் அகலத்துக்கு 80 நம்பர் சாண்ட் பேப்பரால் வெறுந்தகடு வரும் வரை எடுங்கள். நாக முலாம் பூசிய புதுத் தகடாக இருந்தால் முலாமைத் தேய்த்தெடுக்காமல் கரடாக்கினால் போதும். பிறகு புதுத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள், போன துணி திரும்பி வரக் கூடாது. அதன் பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது.

மலிவான தின்னரை நம்பாதீர்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஆவியாக விடுங்கள். வட்டமாகத் தடம் நின்றால் அதில் எண்ணெய் இருக்கிறது, அது ப்ரஷ் கழுவ மட்டும் உதவும். அசிட்டோனையும் இதே மாதிரி சோதித்துப் பாவியுங்கள். தகடு சுத்தமா என்பதற்குச் சுத்தமான தண்ணீர் கொஞ்சம் தெளித்துப் பார்க்கலாம். தண்ணீர் ஒரே படலமாக விரிந்து நின்றால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய். பார்த்த பிறகு சூட்டில் நன்றாக உலர்த்த வேண்டும்.

மூட்டம் நிறைந்த நாளில் கிரைண்ட் பண்ணி அரை மணி நேரத்துக்குள் பசை போட்டுவிடுங்கள். டீ குடிக்கப் போகிறவர்கள் கிரைண்ட் பண்ணுவதற்கு முன்னால் போய் வரட்டும்.

மூலையில் தொடங்கி உரிகிறது

நடு மூட்டு உறுதி, முனை மட்டும் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது என்றால் உரிப்பு விசை. இந்தப் பசை, தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கும்போது அசைக்க முடியாத பலம். ஒரு முனையைத் தூக்கி உரித்தால் அந்தப் பலத்தில் சிறு பங்குதான். டிக்கெட் கிழிப்பது மாதிரி, விசை முழுவதும் ஒரு கோட்டில் விழும். இரம்பொடை, கடுகண்ணாவை மாதிரி வளைவுகளில் ஆள் நிறைந்த டொல்பின் வேன் ஏறி இறங்கும்போது வண்டியின் உடல் முறுகுகிறது. அந்த முறுக்கு போய்ச் சேரும் இடம் பேனலின் மூலைகள்தான்.

ஒரு தகடு மற்றதன்மேல் படியும் மேலடுக்கு 25 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு முனையிலும் உரிப்பைத் தடுக்க ஸ்பொட் வெல்டிங் அல்லது எஃகு ரிவெட் இரண்டு போடுங்கள். அலுமினிய ரிவெட் எஃகுத் தகட்டோடு சேர்ந்தால் ஈரத்தில் அரித்துப் போகும். ஒட்டுத் துண்டின் மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலைதான் முதலில் எழும்பும்.

கிளாம்ப் போட்ட இடத்தில் பசையே இல்லை

வைஸ் கிரிப்பை ஆசை தீர இறுக்கியிருக்கிறீர்கள். இந்தப் பசைக்குத் தகடுகளுக்கிடையில் கால் மில்லிமீற்றர் போலத் தடிப்பு வேண்டும். அந்த இடைவெளி நிற்பதற்காகவே பல பசைகளில் நுண்ணிய கண்ணாடி மணிகள் கலந்திருக்கும். ஓரத்தில் பசை சீராகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். இரண்டு கிளாம்ப்புக்கு நடுவே விரியும் இடம் இருந்தால் இறுக்கத்தைக் கூட்டாமல் இடையில் இன்னொன்று போடுங்கள். பேனலே சரியாகப் படியாமல் எதிர்த்து நின்றால் பசையால் அதை இழுத்துப் பிடிக்க நினைக்க வேண்டாம். பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, சுத்தியலால் சரிசெய்து, ரிவெட் துளைகளையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

தட்டினால் பொள்ளென்று சத்தம்

உள்ளே காற்று. பேனலை வைத்த பிறகு தூக்கி மீண்டும் வைத்திருப்பீர்கள். இடம் தவறினால் தூக்காமல் சறுக்கி நகர்த்த வேண்டும். பசை போடுவதும் இரண்டு தடவை: முதலில் இரண்டு வெறுந்தகட்டிலும் பிளாஸ்டிக் தகட்டால் மெல்லியதாக இழுத்து மூடுங்கள், துருவுக்கும் அதுவே காவல். பிறகு ஒரு பக்கத்தில் 10 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே தொடர் கோடு.

கணக்கும் பாருங்கள். 10 மில்லிமீற்றர் கோட்டுக்கு மீற்றருக்கு ஏறக்குறைய 80 மில்லிலீற்றர் போகும். 200 மில்லிலீற்றர் காட்ரிட்ஜ் இரண்டரை மீற்றருக்குக்கூட வராது, முதற்பூச்சும் கழிவும் அதிலேயேதான். வேனின் ஒரு பக்கம் முழுவதும் மாற்றுவதாக இருந்தால் நூலால் விளிம்பை அளந்து, காட்ரிட்ஜை எண்ணி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாதியில் முடிந்து டவுனுக்கு ஓடிவிட்டு வருவதற்குள் போட்ட பாதி தோல் கட்டிவிடும்.

காட்ரிட்ஜிலிருந்து ஒரு பக்கம் மட்டும் வருகிறது

பசையைக் கலக்கும் நொசில் பூட்டுவதற்கு முன் இரண்டு துவாரத்திலிருந்தும் பசை சமமாக வரும்வரை அழுத்தி விடுங்கள். நொசில் பூட்டிய பிறகும் முதல் ஒரு நொசில் நீளத்துக்கு வருவதைக் குப்பையில் போடுங்கள். அது சரியாகக் கலந்திருக்காது, மேலே சொன்ன களியான இடங்கள் அதிலிருந்துதான் வரும். குளிரில் பசை கட்டியாகி, கன்னால் தள்ளக் கஷ்டமாக இருந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், ஒரு பாகம் முந்தி மற்றது பிந்தும். காட்ரிட்ஜைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்தால் இளகும். வேலை நடுவில் நின்றால் நொசிலுக்குள் இருக்கும் பசை முதலில் இறுகும், புது நொசில் மாற்றுங்கள். நொசில் விலையைப் பார்த்துப் பேனலைக் கெடுக்க வேண்டாம்.

பெயின்ட் அடித்து ஒரு மாதத்தில் மூட்டுக் கோடு தெரிகிறது

பசை முழுவதும் இறுகுவதற்கு முன் பட்டி போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். பிறகு அது இறுகிச் சுருங்கும்போது மேலே இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். மூட்டைச் சூட்டில் இறுக வைத்து, ஆறவிட்டு, அதன் பிறகு பட்டி. கோடு ஏற்கெனவே விழுந்துவிட்டால் மேலே இன்னொரு கோட் அடிப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. பெயின்ட்டைப் பட்டி வரை எடுத்து, 60 பாகையில் சுட்டு, மீண்டும் சமமாக்குங்கள். அடுத்த தடவை மூட்டைத் தகட்டின் நடுவில் வைக்காதீர்கள், தூணோரம் போன்ற ஒடுங்கிய இடத்தில் வையுங்கள்.

ஓரத்தில் துரு கொப்பளிக்கிறது

மரக்கறி லொறிகளில் இதை அதிகம் காணலாம். உரமூட்டை ஏற்றும் தொட்டியில் சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து தகட்டை அரிக்கும். பசை படாமல் விட்ட வெறுந்தகடுதான் அதன் வாசல். கிரைண்ட் பண்ணிய அகலம் முழுவதும் பசையால் மூடப்பட்டிருக்க வேண்டும். பிதுங்கியதைச் சுத்தமாகத் துடைத்தெறியாமல் ஓரத்தில் சரிவாக இழுத்து விடுங்கள். இறுகிய பிறகு எபொக்சி பிரைமர், அதன்மேல் சீலர், உட்பக்கத்தில் மெழுகு. ஓரத்தில் அடங்கிய கொப்புளத்தைச் சுரண்டிப் பூசலாம். மூட்டுக்குள் காவி நுழைந்துவிட்டால் அந்த நீளத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

பக்கத்தில் வெல்டிங் வைத்த பிறகு பிடி விட்டது

மிக் அல்லது கேஸ் வெல்டிங்கின் சூட்டில் பசை கருகிப்போகும். வெல்டிங் இருக்கிற இடத்திலிருந்து 50 மில்லிமீற்றருக்குள் பசை வேண்டாம். வெல்டிங் முழுவதையும் முடித்து, ஆறிய பிறகு பசைக்கு வாருங்கள். பசைக்குள்ளேயே ஸ்பொட் வெல்டிங் வைக்கலாமா என்பதைப் பசையின் தாள் சொல்லும். எல்லாப் பசையும் அதற்கு ஒத்துவராது. கழற்ற வேண்டி வந்தாலும் இதே குணம் உதவும்: ஹீட் கன்னால் 150 பாகை போலச் சூடாக்கி, மெல்லிய உளியை நுழைத்தால் பிரியும். அந்தப் புகை நெஞ்சுக்குள் போகக் கூடாது. கதவைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டு, நைட்ரைல் கையுறையோடு செய்யுங்கள். எபொக்சி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை பிடித்தால் அதன் பிறகு இந்தத் தொழிலே கஷ்டமாகிவிடும்.

வாகனத்தைக் கொடுப்பதற்கு முன்

ஒவ்வொரு வேலையோடும் ஒரு சோதனைத் துண்டு ஒட்டுங்கள். அதே தகட்டில் 25 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி, அதே சாண்ட் பேப்பர், அதே துணி, அதே பசை கொண்டு 25 மில்லிமீற்றர் மேலடுக்காக ஒட்டி, வாகனத்தின் மூட்டுக்குப் பக்கத்திலேயே தொங்க விடுங்கள். லாம்ப் வைத்தால் அதற்கும் சூடு படட்டும். மறுநாள் வைஸில் பூட்டி, மூட்டுக்குள் உளியை அடித்துப் பிளந்து பாருங்கள். தகடு வளைந்து நெளிந்து, பிரிந்த இடத்தில் இரண்டு முகத்திலும் பசை கிழிந்து நின்றால் சாவியைக் கொடுக்கலாம். ஒரு முகம் வெறுந்தகடாக வந்தால் வாகனத்திலும் அப்படித்தான் இருக்கும். சொந்தக்காரர் வாசலில் நின்றாலும் கிளாம்ப்பைத் திரும்பப் போட்டு, மூட்டைத் திறக்கிற வேலையைப் பாருங்கள்.